கண்ணாடி வீட்டுச் செடிகள்

காலை பத்து மணிக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து ரிக்‌ஷாவில் ஊர் பார்க்க வந்து இறங்குகிறேன். பொதுத் தோட்டத்தின் நடுவே ஒரு கண்ணாடி வீடு கண்ணைக் கூசவைக்கிறது. ஒரு பாதி முடிந்துவிட்டது. மறுபாதிக்கு இரும்புச் சட்டம்தான் நிற்கிறது. வெப்பநாட்டுச் செடிகளை வளர்ப்பதற்காம்! வெளியே நிற்கிற எனக்கே சட்டை முதுகோடு ஒட்டுகிறது. இந்த ஊர்ச் செடிக்கு இன்னும் என்ன சூடு வேண்டிக் கிடக்கிறது?

அதைக் கட்டுகிற காத்தமுத்து மேஸ்திரியும் ஆட்களும் உள்ளேயிருந்து பூந்தொட்டிகளை அவசரமாகத் தூக்கி வந்து அங்சானா மர நிழலில் வைக்கிறார்கள்.

"என்னங்க, வீட்டைக் கட்டிட்டுச் செடியை வெளியே வைக்கிறீங்க?"

"இதுக்கு மேல உள்ள வச்சா வெந்துருங்க. வரைபடம் சீமையிலேருந்து வந்துச்சு. குளிருக்கு மூட்டுற அடுப்பும் கூடவே வந்துச்சு. அதுலதான் எங்க கோப்பி."

"தோட்டத்துத் துரைகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். உனக்கென்ன தெரியும்னுட்டார். செடி செத்தா மட்டும் போறது என் வேலை. இனி அவர் நாலு மணிக்குத்தான் வருவார். அந்தத் தொட்டியைக் கொஞ்சம் பிடிங்க."

பிடிக்கிறேன். கோப்பி குடித்துக் கதை பேசுகிறோம். மூன்றரைக்கு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே அடுக்குகிறோம். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

சொன்னபடி துரை வருகிறார். இலை இலையாகத் தொட்டுப் பார்க்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா வளருது பார்! நான் சொன்னேன்ல? மீதியைச் சீக்கிரம் முடி. இன்னும் இருநூறு தொட்டி வருது."

மேஸ்திரி பணிவாகத் தலையாட்டுகிறார். துரை போனதும் என் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க இந்த ஊர்ல எத்தனை நாள் இருப்பீங்க?"