பழைய சக்கரம்

சித்தேரி மலைக்காரர் தீர்த்தகிரி. மலைக்கும் அரூருக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அந்தப் பழைய காரை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. பதிமூன்று இஞ்ச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பதினைந்து இஞ்சில் பளபளக்கும் அலாய் வீலும் தடித்த டயரும் மாட்டச் சொன்னார்.

"வேணாம்ண்ணா," என்றார் அரூரில் டயர் கடை வைத்திருக்கும் சகாயமேரி. "சக்கரம் பெருசானா அத உருட்டறதுக்கே இன்ஜினுக்கு உசுரு போயிரும். மேட்டுல இழுவ இருக்காதுங்க. வளைவுல ஒடிச்சா டயரு மட்காடுல ஒரசும்."

"மாட்டுங்க மேரிம்மா. பழச வித்துப்புடுங்க."

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? தரையில் கார் என்னமோ ஜம்மென்றுதான் போயிற்று. மலையேறும்போதுதான் தெரிந்தது, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். டயர் கறகறவென்று உரசியது. முதல் கியரிலேயே வண்டி திணறி நின்றுவிட்டது. ஏறியிருந்த நாலு பேரும் அரிசிப் பையோடு இறங்கினார்கள்.

"கார் அழகாத்தான் இருக்குது தீர்த்தகிரி," என்றாள் இறங்கியவர்களில் ஒருத்தியான மாதம்மாள். "நாங்க நடந்துக்கறோம். நீ அதத் தூக்கிக்கிட்டு வா!"

எல்லோரும் சிரித்தார்கள். தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஜெயபிரியா மேலே வீட்டில் இருக்கிறாள். நாளும் நெருங்கிவிட்டது. தான் கீழே இருக்கும்போது அவளுக்கு வலி எடுத்துவிட்டால்? அப்படியே காரை டயர் கடைக்குத் திருப்பினார்.

"பழைய வீலு... வித்துட்டீங்களாம்மா?" கேட்கவே நாக்கு கூசியது.

சகாயமேரி கடைக்குப் பின்னால் போய் நான்கையும் ஒவ்வொன்றாக உருட்டி வந்தார். "ரெண்டு பேரு கேட்டாங்க. மாசமான புள்ள மலமேல இருக்கறப்ப எப்பிடிண்ணா விப்பேன்?"

மூன்றாம் நாள் பகல் அரூரில் இருந்தபோது போன் வந்தது. ஜெயபிரியாவுக்கு வலி எடுத்துவிட்டது. பழைய சக்கரங்களோடு மலையேறினார். அதே மூன்றாவது வளைவு. உரசலும் இல்லை, திணறலும் இல்லை, இரண்டாம் கியரில் கார் ஆட்டுக்குட்டியாய்த் தாவி ஏறியது. "மகராசி, நீ நல்லா இருக்கணும்!" என்று சகாயமேரியை நினைத்து வாய்விட்டே சொன்னார். மகளை அரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அரை மணியில் பேத்தி பிறந்தாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்கு அத்தைகள், சித்திகள் என்று ஒரு கூட்டமே காத்திருந்தது. தீர்த்தகிரி நேரே டயர் கடைக்குப் போனார்.

"நானா? கையெல்லாம் கிரீஸுண்ணா!"

"கழுவிட்டு வாங்கம்மா. எம் பேத்திக்கு உங்க குணம் வரணும்." கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

சகாயமேரி மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.