வேலைக்கு வந்த ஆள்

என் பேரில் ஒரே ஒரு வழக்குதான் நடந்திருக்கிறது. குழித்துறைக் கோர்ட்டில், என் ஒரே கூட்டுக்காரனுக்கு எதிராக. சிநேகிதனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் வாதி. வழக்கு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கூண்டில் ஏறிய வாதி என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால், அவரோடு உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க ஆசை.

அப்போது எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்திருந்தது. நான் கருங்கலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பா அம்மா இல்லை. சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணனோடு இருந்தேன். அண்ணன் நல்லவர். நல்லவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் கல்யாணத்தைப் பற்றி அவர் பேசுவார், நான் பேசமாட்டேன். அவர் மனைவி, என் மைனி, சோறு போடுவாள். அதற்குமேல் அவளுக்கும் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் எல்லாரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பார்த்துக்கொண்டதைத் திங்கட்கிழமை பேசிச் சிரிப்பார்கள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மட்டும் எனக்கு ஆள் இருந்தது. கருங்கலிலிருந்து தெற்கே நடந்தால் கடற்கரை. அங்கே என்னோடு படித்த அந்தக் கூட்டுக்காரன் இருந்தான். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு அவருடைய வள்ளத்தை எடுத்துக்கொண்டவன். மூன்று பேர் அவனோடு துடுப்புப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போய் அவன் வீட்டில் படுத்துக்கொள்வேன். விடிந்ததும் அந்த நாலு பேருக்கு நடுவில் மூட்டை மாதிரி என்னையும் வைத்துக்கொண்டு வள்ளம் போகும். நான் தூண்டில் போடுவேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கேலிதான். வாரம் முழுவதும் ஒருவரும் என்னைக் கேலி செய்யாத குறையை அவர்கள் அரைநாளில் தீர்த்துவிடுவார்கள். எனக்கு அது தேவையாக இருந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். மீன் விழும்போது வள்ளத்தில் யார் இருந்தாலும் அவருக்குப் பங்கு உண்டு. பாதிரியார் இருந்தாலும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவன் இருந்தாலும் உண்டு. வேண்டாம் என்று சொல்வது, முகத்தில் அடித்த மாதிரி. நான் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மீன் ஏறாது. எனவே என் பங்கை அவன் அம்மாவிடம் கொடுப்பேன். அவள் குழம்பு வைப்பாள். அங்கேயே சாப்பிட்டு, வாயைப் பலமுறை கொப்பளித்து, யோக்கியனாக வீடு திரும்புவேன்.

ஒரு சனிக்கிழமை துடுப்புக்காரர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். “சும்மா இருக்கதுக்கு இதப் பிடி” என்று காய்ச்சல்காரனுடைய துடுப்பை என் கையில் கொடுத்தான் கூட்டுக்காரன். பெருமையாகப் பிடித்தேன். மழைக்காலம் தொடங்கும் சமயம். போகும்போது கடல் அடங்கியிருந்தது, திரும்பும்போது இல்லை. கரை ஏறுகிற இடத்தில் பின்னால் வந்த அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிப் போட்டது. மற்றவர்கள் எல்லாரும் கடல் பக்கம் குதித்தார்கள். கரை பக்கம் குதிக்கக் கூடாது என்பது அங்கே தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். நான் கரையைப் பார்த்துக் குதித்தேன். கரையைக் கண்டால் அங்கேதானே குதிக்கத் தோன்றும்? வள்ளம் உருண்டு வந்து என் காலை மணலோடு சேர்த்து அழுத்தியது.

எலும்பு கட்டுகிற ஆசான் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கால் சேர்ந்தது, ஆனால் குட்டையாகச் சேர்ந்தது. படுத்திருந்தபோது கூட்டுக்காரன் பார்க்க வந்தான். அண்ணன் அவனை முற்றம் தாண்ட விடவில்லை. இருவரும் பேசியது எனக்குக் கேட்டது. அவன் குரல் தாழ்ந்தே இருந்தது. பிறகு அவன் போகிற செருப்புச் சத்தமும் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். 

வழக்குப் போட வேண்டும் என்றது அண்ணன்தான். பணத்துக்காக இல்லை. அதை என்னிடமே சொன்னார்.

“அந்த வள்ளத்த ஜப்தி பண்ணணும். கரையில கெடந்து மக்கணும். அப்பதான் நீ அங்க போவமாட்ட.”

அவர் கண் கலங்கியிருந்தது. என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவர் அவர். மூத்திரப் பானை எடுத்து வைக்கிறவர் அவர். அவரிடம் முடியாது என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. வாதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் வீட்டுக்கே வந்து எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்.

“கூட்டுக்காரன்னு கூட்டிட்டுப் போனா, அவனப் பத்திரமா திரும்பக் கொண்டு விடுகது வள்ளக்காரனுக்க பொறுப்பு. வேலைக்கு வந்தவன்னா கத வேற. கடலுக்க கொணம் தெரிஞ்சு, பங்குக்காவ ஏறினவன். அவனுக்க காலுக்கு அவன்தான் பொறுப்பு. அதனால எதிர்க்கட்சிக்காரன் உம்மள வேலைக்காரன்னுதான் சொல்லுவான். நீரு கூட்டுக்காரன்னு உறப்பாச் சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டுக்காரன் என்று நான் நிரூபித்தால் அவன் வள்ளம் போகும். இல்லை என்று அவன் நிரூபித்தால் வள்ளம் இருக்கும். அந்த வள்ளத்தை நம்பி அவன் அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். இந்தச் சட்டத்தை எழுதியவருக்குக் கூட்டுக்காரன் என்று ஒருவனும் இருந்திருக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டுக்கு வில்வண்டியில் கொண்டுபோனார்கள். முதலில் என்னை ஏற்றினார்கள். கேள்வி மலையாளத்தில் வரும், நான் தமிழில் சொல்வேன், அது மலையாளத்தில் எழுதப்படும். கூட்டுக்காரன் சுவரோரம் நின்றிருந்தான். மாதக்கணக்கில் பார்க்காதவனைப் பார்க்கிறேன், அவன் என் காலைத்தான் பார்த்தான். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். பிறகு எதிர் வக்கீல் எழுந்தார். அன்று துடுப்புப் பிடித்தேனா என்றார். பிடித்தேன் என்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. மீனில் பங்கு உண்டா? உண்டு. வாங்குவதுண்டா? உண்டு.

அவரே எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, வாங்கி என்ன செய்வீர் என்று கேட்டார்.

“தின்பேன்” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பின் வரிசையில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். வழக்கு அந்த இடத்தில் செத்துவிட்டது என்பது கோர்ட்டு வேலைக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். வள்ளம் தப்பியது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவனைப் பார்த்தேன். இப்போது சிரிப்பான் என்று நினைத்தேன்.

அடுத்து அவனைக் கூப்பிட்டார்கள். வேதபுத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். இவர் உனக்கு யார் என்று அவனுடைய வக்கீல் கேட்டார்.

“வேலைக்கு வந்த ஆளு.”

“சிநேகிதரா?”

“இல்ல. வேலைக்கு வந்த ஆளுதான்.”

அதைச் சொல்லவேண்டிய தேவையே அப்போது இருக்கவில்லை. நான் சொன்னதே போதும். சொல்லிக் கொடுத்ததைப் பாடம் பண்ணி வந்திருந்தான், ஒப்பித்தான். அவன் பாடம் ஒப்பிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அன்றும் மூடிக்கொண்டான். தெரிந்திருந்தும் வலித்தது. கால் முறிந்தபோது அவ்வளவு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கிட்டத்தட்ட அவ்வளவு வலித்தது.

வழக்குத் தள்ளுபடியானது. அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாளிலிருந்து மைனி எனக்குத் தனித் தட்டு வைத்தாள், வெளி அறையில். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். அது தண்டனையா, ஆசாரமா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் கடற்கரையைத்தான் நினைத்தேன். தடி ஊன்றி நடக்கத் தெரிந்ததும் போய்விடலாம். அவன் ஏதாவது கேலி பேசுவான். வக்கீல் பேச்சை எல்லாம் கடலில் போட்டுவிடலாம்.

மழைக்காலம் முடிந்து ஒரு சனிக்கிழமை போனேன். பாதி தூரம் மாட்டுவண்டி, மீதி தடி. அவன் வள்ளத்தின் நிழலில் தூண்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் எனக்காக எழுந்து நின்றதே இல்லை.

“காலு கொள்ளாமா, சாறே?” என்று, ஊரார் வாத்தியாரிடம் நலம் கேட்கிற மாதிரி கேட்டான்.

“என்னை எதுக்கு சாறுன்னு விளிக்கிய?”

அவன் தூண்டில் கயிற்றை வள்ளத்துக்குள் வைத்தான்.

“வேதத்தத் தொட்டுச் சொல்லியாச்சு. நீ கூட்டுக்காரன் இல்லன்னு. இனி உன்னக் கூட்டுக்காரனா வச்சா நான் சொன்னது கள்ளமாவும். நாங்க நாலு பேரும் தெனமும் இந்தத் தண்ணிக்கு மேலதான் போறோம். கள்ளச் சத்தியத்தோட கடல்ல ஏறப்பிடாது.”

“நான் உன் வள்ளத்துக்காவத்தான் அங்க அப்பிடிச் சொன்னேன்.”

“அறியும். கேட்டுகிட்டுத்தான நின்னேன்.”

“அப்போ நான் இங்க வரப்பிடாதா?”

“வரலாம். வேலைக்கு வா. வேலைக்கு வந்தா நான் சொன்னது சத்தியமாவும். சும்மா வராண்டாம்.”

அவன் என்னைத் துரத்தவில்லை. யோசித்து, இடம் தேடி, எனக்கு இருந்த ஒரே வாசலைத் திறந்துதான் வைத்தான். மற்ற மூவரும் வந்தார்கள். வள்ளத்தைத் தள்ள ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நான் தடியை மணலில் போட்டுவிட்டு பின்பக்கம் போய்த் தோள் கொடுத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஈர மணல் வரை தள்ளினேன். முதல் அலை வந்து வள்ளத்தைத் தூக்கியபோது நல்ல காலால் ஏறப்பார்த்தேன். மற்ற கால் ஊன்றவில்லை. மூக்கில் தண்ணீர் ஏற விழுந்தேன். அவன் திரும்பி வந்து அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கினான். கரை வரை நடத்திக் கொண்டுவந்து, தடியை எடுத்துக் கையில் வைத்தான். வள்ளத்தில் இருந்தவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள்.

“முடியல்லியா?” என்று கேட்டான்.

“முடியல்ல.”

அவன் என் தோளை இன்னும் விடவில்லை. பிறகு விட்டான். தண்ணீருக்குள் ஓடி வள்ளத்தில் ஏறிக்கொண்டான். நான் அவன் அம்மா கண்ணில் படாமல் கருங்கல் பாதைக்கு ஏறினேன்.