பூனை கடித்த என் முகம்

வலைகள் வைத்திருக்கும் அறையில் மூன்று வாரம் என் முகம் ஓர் ஆணியில் தொங்கியது. அதற்குச் செவுள் இருந்தது. கீழ்த்தாடையில் பதினொரு பற்கள் இருந்தன. மேல்தாடையில் எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணும் அளவுக்குக் கிட்டப் போக எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

செய்தவள் என் நாத்தனார், கணவரின் தங்கை. பொன்னேரியில் கல்லூரி முடித்தவள். அவளோடு படித்த பெண்கள் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இவள் வீட்டில் உட்கார்ந்து பேய் செய்தாள். சினிமாவில் வரும் வெட்டுப்பட்ட கை, அழுகிய முகம் எல்லாம் கணினியில் வரைவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அண்ணி, கம்ப்யூட்டர்ல பண்ணதைப் பாத்தா கண்ணுதான் பயப்படும். கையால பண்ணதைப் பாத்தா வயிறு பயப்படும்" என்பாள்.

என் வயிறு எல்லாவற்றுக்கும் பயப்படும் என்பதால் இந்த விளக்கம் எனக்குப் பெரிதாக உதவவில்லை.

சென்னையில் சினிமாக்காரர்களுக்கு முகமூடியும் காயமும் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பெண்மணி, நாத்தனார் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். முழு முகம் ஒன்று செய்து வைக்க வேண்டும். பிடித்தால் வேலை. நாத்தனார் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை.

மாமியார் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"வூட்ல கொழந்த இருக்குது. அது பயந்துச்சுன்னு வெச்சுக்கோ, பேய் அத்தினியும் இந்தா கீற ஏரிக்குள்ள போவும். நீ பேங்க் பரிச்சைக்கு போவ. பயந்துச்சா இல்லியான்னு இவ சொல்லட்டும். படிச்சவ."

இவ என்று காட்டப்பட்டது நான். ஏன் எனக்கு இந்தப் பொறுப்பு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதையாக இருக்குமா என்று யோசிப்பதற்குள் அவர் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

குழந்தைக்கு, என் மகளுக்கு, அப்போது நான்கு வயது. அதற்கு இரண்டு மாதம் முன்பு தூக்கத்தில் திடுக்கிட்டு அழுதுகொண்டிருந்தாள். பொன்னேரியில் மருத்துவரிடம் காட்டினேன். மாலையில் எங்கள் குப்பத்துப் பெண்களோடு டவுன் பள்ளிவாசல் வாசலில் நின்று, தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்லியும் வாங்கி வந்தேன். அழுகை நின்றது. எது வேலை செய்தது என்று தெரியாததால் இரண்டையும் தொடர்ந்தேன். ஐந்து வயதுவரை குழந்தைகளுக்கு நிஜமும் கற்பனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று போனில் ஒரு கட்டுரை சொன்னது. மூன்று வயதிலேயே தெரியும் என்று இன்னொன்று சொன்னது. இரண்டையும் மூன்று முறை படித்தேன்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு வால் இருக்கும். "சோறு வெந்துடுச்சுன்னு நெனைக்கிறேன் அத்தை" என்பேன். "வெந்துச்சா, நெனைக்கிறியா?" என்பார் மாமியார். ஏழு வருடமாக இதே கேள்வி.

முகத்துக்கு அச்சு எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"உங்க மூஞ்சிதான் வேணும் அண்ணி."

"என்னுது இன்னாத்துக்கு?"

"ஏரிக்கு அடியில இருந்துகினு கரையில போற புள்ளைங்கள பத்தி கவலைப்படற ஒரு பொம்பள. அதான் என் பேய். அந்தக் கவலை மூஞ்சி இந்த ஊர்லயே உங்ககிட்டதான் இருக்குது."

பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். புருவத்தில் வாசலின் தடவினாள். மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் துணியை நனைத்து நனைத்து ஒட்டினாள். கண்ணும் வாயும் மூடின. இருபது நிமிடம் பேசக் கூடாது, அசையக் கூடாது.

அடுப்பில் பால் வைத்திருந்தேன் என்பது இரண்டாவது நிமிடத்தில் நினைவுக்கு வந்தது. கையை ஆட்டி, பொங்குவதுபோல் விரல்களை விரித்துக் காட்டினேன்.

"இன்னா, பறக்கணுமாம்மா?" என்றது மாமியார் குரல். பிறகு நிதானமாக, "பால எறக்கிட்டேன். கதவ சாத்திட்டேன். கொழந்த தூங்குது. வேற இன்னா கீது கவலப்பட?"

வேறு மூன்று இருந்தன. விரலால் சொல்ல முடியவில்லை.

"இந்த வூடு இவ்ளோ அமைதியா இருந்து எவ்ளோ நாளாச்சு" என்றார் அவர். "இன்னும் ரெண்டு சுத்து சுத்துடி."

அச்சு காய்ந்து, அதிலிருந்து என் முகத்தின் வெள்ளை உருவம் வந்தபோது, புருவங்களுக்கு நடுவே ஆழமாக ஒரு கோடு இருந்தது. தப்பாக வந்துவிட்டது, சரிசெய் என்றேன். நாத்தனார் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். காட்டூரில் என் அம்மா வீட்டு வயலிலிருந்து ஒரு சாக்கு களிமண் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அதை அந்த வெள்ளை முகத்தின் மேல் அப்பி, கன்னத்தைத் தொங்கவிட்டாள். கழுத்தில் செவுள் திறந்தாள். தோலுக்காக, கிழிந்த பழைய வலையை ஈர மண்ணில் ஓர் இடம் அழுத்தமாகவும் ஓர் இடம் லேசாகவும் அழுத்தி எடுத்தாள். தண்ணீரில் வெகுநாள் ஊறிய தோல் அப்படித்தான் கட்டம் கட்டமாகச் சுருங்கும் என்று பார்த்ததும் தோன்றியது. எங்கே பார்த்தேன் என்று மட்டும் தெரியவில்லை. அதற்கு அச்சு எடுத்து, ரப்பர் பாலை ஊற்றி, உரித்தெடுத்தாள். சாயத்தை ஒரே நிறமாகப் பூசவில்லை. முதலில் கத்தரிப்பூ நிறம். அதன் மேல் பச்சை. அதைத் துடைத்துவிட்டு மறுபடி பச்சை. பற்களை டீத்தண்ணீரில் போட்டு வைத்தாள். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலந்து, காபித்தூள் ஒரு சிட்டிகை போட்டாள்.

"ரத்தம் சேப்பு இல்ல அண்ணி. தினம் மீன் ஆயறீங்க, பாத்ததே இல்லியா?"

தினமும்தான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை கொடுவா மீனை ஆய்ந்து கழுவும்போதுதான் உண்மையில் பார்த்தேன். செவுளுக்குள் இருக்கும் நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

என் கணவர் கடலுக்குப் போய் வந்து அறையை எட்டிப் பார்த்தார். "இதுல பேய் எங்க கீது? காலைல டீசல் கேன் மூடினீங்களான்னு இவ கேக்கறப்ப இதே மூஞ்சிதானே" என்றார்.

குழந்தை மட்டும் பார்க்கவில்லை என்பது என் நம்பிக்கை. அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். ரப்பர் பாலின் வாடை குழந்தைக்கு ஆகாதே என்று, காற்றோட்டத்துக்காகச் சன்னலையும் திறந்து வைத்தேன். தன் அறிவை நம்பாத ஒருத்தி செய்த ஏற்பாடு என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடைசி வாரம் நாத்தனார் கொடுவாச் செதில்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இடது கன்னத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். வெளிச்சம் பட்டால் ஈரமாக மினுங்கியது. உண்மையான செதில் ஆயிற்றே, வாடை அடிக்காதா என்று கேட்டேன். நாத்தனார் முகர்ந்தாள். மாமியார் முகர்ந்தார். கடலிலிருந்து அப்போதுதான் வந்த கணவரும் முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் முகர்ந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுத் தலையணையில்கூட எனக்கு மீன் வாடை அடித்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. எங்கள் நால்வரின் மூக்கையும் நம்பி அந்தக் கன்னம் முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பூனை எங்களைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம், துணி துவைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. சோப்புக் கையோடு ஓடினேன். அறையின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. முகம் தரையில் கிடந்தது. இடது கன்னத்தைக் காதுவரை காணோம். கிழிந்த ரப்பர் தொங்கியது. சன்னல் கம்பி வழியே ஒரு வால் வெளியே போனது. குழந்தை நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாமியார், கையில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றார்.

நாத்தனார் வந்து பார்த்தாள். கீழே உட்கார்ந்தவள் முகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சன்னலைத் திறந்து வைத்தது நீங்கதான் என்று அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முடிஞ்சிச்சு" என்றார் மாமியார். "கொழந்த பயந்துடுச்சு. அந்தம்மாவ வர வேணாம்னு சொல்லிடு." பிறகு, நிபந்தனையை மறக்காதவராக என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

நாத்தனார் நிமிரவில்லை. நான் குழந்தையைத் தூக்கினேன்.

"பேயைப் பாத்து பயந்துட்டியா?"

"பேய் இல்ல" என்றாள் விக்கலோடு. "அது அம்மா. பூனை அம்மாவக் கடிச்சிடுச்சு. மருந்து போடு."

"அது அம்மான்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஆயாதான் தினம் காட்டும். சாப்புடலன்னா மேல கீற அம்மா பாக்கும்னு சொல்லும். நான் சாப்ட்ருவேன்."

மாமியார் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கொஞ்ச நாளாகக் குழந்தை மதியச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. அதற்கு நான் புதிதாக வாங்கிக் கொடுத்த சத்து மாவுதான் காரணம் என்று நினைத்து என் அம்மாவுக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"பயப்படல அத்தை" என்றேன்.

அவர் காத்திருந்தார். நாத்தனாரும் நிமிர்ந்து பார்த்தாள். வாக்கியத்தின் மிச்சத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றார் மாமியார்.

"அவ்ளோதான்."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சோற்றை ஊட்டக் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

நாத்தனார் புதிய ரப்பரால் கன்னத்தை ஒட்டப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூனையின் பல் இறங்கிய இடங்களில் ரப்பர் ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் நூலாகவும் ஓரிடத்தில் மடலாகவும் பிய்ந்திருந்தது. கத்தரியால் அப்படி வெட்டவே முடியாது.

"மூடாதே" என்றேன். "காயமாவே விட்டுடு. உள்ள அந்தச் செவுள் நிறத்தை மட்டும் பூசு. பூனை நல்லாத்தான் பண்ணியிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "…ன்னு நெனைக்கிறேன்" என்றும் சேர்த்தேன்.

"அதானே பாத்தேன்" என்று சிரித்தாள். அன்று அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை வந்த பெண்மணி, அறை வாசலிலேயே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, ஒரு வாடையும் இல்லியே" என்றார் மாமியார் உண்மையான ஆச்சரியத்தோடு.

பொத்தியபடியே பெண்மணி முகமூடியை வெகுநேரம் பார்த்தார். வலைத்தடம் பதிந்த தோலை விரலால் தடவினார். பற்களைப் பார்த்தார். புருவத்து நடுவில் விரல் நின்றது.

"இந்தக் கோடு ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. நீ செதுக்கினதா?"

"இல்ல மேடம். அது ஒரிஜினல்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்மணியும் பார்த்தார், முகமூடியைப் பார்த்த அதே கவனத்தோடு.

"இந்தக் கன்னம்?"

நாத்தனார் ஒரு நொடி தயங்கினாள். "பூனை, மேடம். உள்ள இருக்கற கலர் மட்டும் நான்."

அவர் துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சிரித்தார். பிறகு வாடை ஏறவே, மறுபடி பொத்திக்கொண்டார். "ஒண்ணாம் தேதி வந்துடு. மீன் செதில் மட்டும் வேணாம்" என்றார்.

ஒண்ணாம் தேதி பொன்னேரி போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடக் குழந்தையோடு நானும் போனேன். சார்ஜர் எடுத்தாயா, ஆதார் அட்டை எடுத்தாயா, ரயிலில் பெண்கள் பெட்டியில்தானே ஏறுவாய், தங்கும் விடுதியின் கதவு உள்ளே தாழிடும் கதவுதானே என்று சன்னலுக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனை வெளியே நீட்டினாள்.

"அண்ணி, அசையாதீங்க. அப்படியே இருங்க. அடுத்த மூஞ்சிக்கு ஆவும்."

பஸ் கிளம்பும்வரை அப்படியே நின்றேன். அதற்காக நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.