கணினியில் ஆளில்லாத கூடம்

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதைக் கணினியில் கட்டி, வெயில் எங்கே தாக்கும், கரண்ட் எங்கே வீணாகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சாத்தான்குளத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு இன்றுவரை இது ஒரு வேலையாகத் தெரியவில்லை. "வெயில் எங்கன அடிக்கும்னு பாக்கதுக்குச் சம்பளமா?" என்பாள். தூத்துக்குடி வெயிலைப் பொறுத்தவரை அவள் கேட்பதும் நியாயம்தான்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி ஒருவர் புதுக் கட்டடத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். முன்னால் ஏசி அலுவலகம், பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கூடம். அங்கே நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து, மருந்துக்காக வெளிநாடு போகும் நிலாவரை இலையிலிருந்து காம்பும் கல்லும் பொறுக்குவார்கள். மின்விசிறி போட முடியாது, இலை பறந்துவிடும். அவர்களுடைய பழைய கூடத்தில் சும்மா நின்று பார்த்ததற்கே எனக்குச் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர்கள் சாயங்காலம் வரை அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் அனுப்பிய மாடலைத் திறந்தேன். கரண்ட் செலவைக் காட்டும் படத்தில் அலுவலகம் மஞ்சள், கூடம் பச்சைப் பசேல். விசிறி இல்லை, ஏசி இல்லை, ஆகவே கரண்ட் செலவும் இல்லை. மொத்தக் கட்டடத்திலும் உத்தமமான இடம் அதுதானாம்! உள்ளே போய்ப் பார்த்தால், கூடத்தைச் சரக்கு அறை என்று போட்டு, ஆட்கள் பூஜ்யம் என்று காட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாற்பது பெண்களை மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆட்களைச் சேர்த்து, வேலைக்கூடம் என்று மாற்றினேன். உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு சூடு என்று காட்டும் படத்தில் மே மாதத்துப் பகல் முழுக்கச் சிவப்பு. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பலகை, மேலே வெள்ளைப் பூச்சு, உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு என்று போட்டுப் பார்த்தேன். சிவப்பு வெகுவாகக் குறைந்தது. இலையும் பறக்காது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். "இதுனால கரண்ட் எவ்வளவு மிச்சமாவும்?"

"மிச்சமாகாது அண்ணாச்சி. அங்கதான் கரண்டே செலவாகலையே. உள்ள இருக்கவங்களுக்குச் சூடு குறையும்."

"பொறவு எதுக்கும்மா வீண் செலவு? பசுமைக் கட்டடம்னு சர்டிபிகேட் குடுக்கவங்க இதக் கேப்பாங்களா?"

"ஆள் இல்லேன்னு போட்டா கேக்க மாட்டாங்க," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்க்கிடெக்ட்.

"அப்பம் பழையபடியே போட்டுருங்க."

அப்படிப்பட்ட அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறொருவர் போட்டார். சான்றிதழும் வந்தது. தூங்கப் போனாலும் அந்தப் பூஜ்யம் கண்ணில் நின்று எரிச்சலூட்டியது.

திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். என்னதான் கட்டியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று போனேன். அலுவலகத்தில் குளிரும் கேசரியும். பின்னால் கூடத்தில் இலை வந்து இறங்கி, வேலை நடந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் பிடிக்க வந்து, அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். முகமெல்லாம் இலைத் தூசியும் வேர்வையும்.

"இங்கன கொஞ்சம் நின்னுக்கிடுதேன் தாயி," என்றாள் என்னிடம்.

மேனேஜர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார். "ஏளா, கதவச் சாத்து! குளிரு பூரா வெளிய போவுது, கரண்ட் வேஸ்ட்!"

அவள் பதறிப்போய்ச் சாத்தப் போனாள். அந்தப் பதற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கதவு மூடாதபடி போட்டேன்.

"சாத்தாதீங்கக்கா. கூடத்துல இருக்க எல்லாரையும் கூப்பிடுங்க."

மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்று அண்ணாச்சி சிரித்துவைத்தார். முதலில் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அலுவலகத்தில் நிற்க இடமில்லை.