மிதவையைத் தூக்கிப் பார்க்கவும்

சொந்தப் பாய்மரப் படகில் வாழ்கிறோம் என்று சொன்னதும் கேட்பவர்களின் முகத்தில் ஒரு மயக்கம் வரும். அஸ்தமனம், டால்பின், சுதந்திரம். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். படகில் ஒரு நாளின் பெரும்பகுதி எதில் போகிறது என்று ஒருமுறை குறித்து வைத்தேன்: துரு, பூஞ்சை, கழிவறைப் பம்ப், காயாத துணி, டீசல் வாடை. டால்பின் அந்தப் பட்டியலில் இல்லை. பதினோரு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் பெட்டி அது. அதற்குள் நான், இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு கணவர்.

சுபாங் ஜெயா அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் படகுக்குக் குடிபெயர்ந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். அதற்கு முன் நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். அங்கே ஒரு சட்டம் உண்டு. செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போட்டவர் அன்றே வெளியே போக வேண்டும். கண்ணீர், குடும்ப நிலைமை, எதுவும் செல்லாது. இதைவிட நியாயமான சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் லங்காவியிலிருந்து இலங்கைக்குப் போவதாகத் திட்டம். பத்து நாள் கரை தெரியாது. என்ன நடந்தாலும் படகில் இருப்பது நாங்கள் இருவர் மட்டும்தான். அந்தப் பயணத்துக்கு இவரோடு போவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அவர் அதை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் முன்னால், முடிந்த விஷயமாக அறிவித்தார்.

"பங்கோர் போனப்ப காத்து அடிச்சுச்சு பாருங்க மாமா, படகு அப்படியே சாஞ்சிடுச்சு. நான் மட்டும் ஸ்டீயரிங்க விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லா."

பங்கோர் தீவுக்குப் போன அன்று காற்றே இல்லை. முழுத் தூரமும் எஞ்சினில்தான் போனோம். பாயை ஏற்றியது நாற்பது நிமிடம், அவர் வீடியோ எடுப்பதற்காக. நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"கேப்டன்டா நம்ம பையன்!" என்றார் மாமா. இவர் என் மாமியாரின் தம்பி, கிள்ளானில் லோரி வைத்திருப்பவர். "அது சரி, படகுக்குப் பூசை போட்டீங்களா?"

"இல்ல மாமா."

"பூசை போடாம கடல்ல எறங்குறியா? ஏன்டா, படிச்சவங்கதான நீங்க?"

அடுத்த ஞாயிறு பூலாவ் இண்டா படகுத் துறையில் இரண்டு கார் நிறைய வந்து இறங்கினார்கள். ஸ்டீயரிங் சக்கரத்துக்கு மஞ்சள், குங்குமம், மாலை. தேங்காயை நங்கூரத்தில் உடைத்தார்கள். பக்கத்துப் படகுகளிலிருந்து வெள்ளைக்காரக் கிழவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு வருடமாக என்னை இந்தப் படகின் சமையல்காரி என்றே நினைத்துக்கொண்டிருப்பவர். மாமா கையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு படகை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார்.

"டயர் இல்லியேடா. எதுக்கு அடியில வெக்கிறது?"

இருபத்தேழு லோரிகளுக்கு நான்கு சக்கரத்தடியிலும் பழம் வைத்து நசுக்கிப் பழகிய மனிதர். அவருடைய திகைப்பு உண்மையானது. அந்த நேரம் பார்த்து என் மாமியார் படகுக் கழிவறை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவரைக் கரையில் இருந்த கழிவறைக்கு அழைத்துப் போனேன். திரும்பி வந்தபோது மாமாவின் கையில் பழம் இல்லை. கடலில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்காதது என் தவறு. அதையும் பிறகு குறித்து வைத்தேன்.

மறுநாள் லங்காவியை நோக்கி வடக்கே கிளம்பினோம், வழியில் அங்கங்கே நங்கூரமிட்டுத் தங்கியபடி. தினமும் காலையில் செய்து டிக் போட வேண்டிய சோதனைகள் என்று நான் எழுதி ஒட்டிய தாளில் பதினெட்டு வரிகள். ஒன்பது எனக்கு, ஒன்பது அவருக்கு. அவருடைய ஆறாவது வரி இப்படி இருந்தது: "தரைப் பலகையைத் திறந்து, பம்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பார்க்கவும். பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும்." படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அந்த மிதவை தானாக எழும்பிப் பம்பை ஓடவைக்கும். சோதிக்க அரை நிமிடம் போதும்.

ஐந்தாம் நாள் மதியம் பங்கோருக்குத் தெற்கே, சாம்பார் சூடாக்கக் கீழே இறங்கினேன். கால் நனைந்தது. பலகைக்கு மேலே தண்ணீர் வந்திருந்தது. நக்கிப் பார்த்தேன், உப்பு. பம்ப் சத்தமே இல்லை. பலகையைத் தூக்கினேன். மூன்று எலுமிச்சம்பழங்கள் குங்குமப் பொட்டு கரைந்து மிதந்துகொண்டிருந்தன. நான்காவது, மிதவைக்கும் அதன் மேலே போகும் குழாய்க்கும் நடுவில் சிக்கி, மிதவையை எழும்பவிடாமல் அழுத்திப் பிடித்திருந்தது. பிடுங்கி எடுத்ததும் பம்ப் ஓடத் தொடங்கியது. எஞ்சினின் சுழல்தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் அடைப்பு தளர்ந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை இறுக்கினேன். முக்கால் மணி நேரம் ஆனது.

மேலே போய்ப் பழத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இத யாரு வெச்சது?"

"மாமா. டயர் இல்லல்ல, அதான் அடியில வெச்சாரு. நல்லதுக்குத்தான்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உன்கிட்ட சொன்னா நீ விட்டிருப்பியா?"

"சரி. இன்னைக்குக் காலையில ஆறாவது வரியில டிக் போட்டிருக்கீங்க. தூக்கிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்லா."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"பலகையத் தெறந்தா மொதல்ல கண்ணுல படுறது பழம்தான். அஞ்சு நாளும் படலையா?"

அவர் அடிவானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"புது பம்ப்மா அது. தினம் தினம் என்னத்தப் பார்க்குறது?"

மாமாவின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பழம் வைக்க வேண்டும் என்று சொன்னார், வைத்தார். இந்தப் படகில் சொன்னதைச் செய்தவர்கள் கணக்கில் அவரைச் சேர்க்கலாம். ஐந்து நாளும் அழகாக, நீல மையில், ஒரே அளவில் டிக் போட்ட மனிதரை எதில் சேர்ப்பது?

தொலைபேசிக்கு சிக்னல் வந்ததும் அவர் குரல் பதிவு அனுப்புவது கேட்டது. "ஒண்ணுமில்ல மாமா, உள்ள கொஞ்சம் தண்ணி வந்துடுச்சு. நான் சமாளிச்சிட்டேன்." சற்று நேரத்தில் மாமாவின் பதில் படகு முழுக்கக் கேட்டது. "பார்த்தியா? எலுமிச்சம்பழம் வெச்சதாலதான்டா தப்பிச்சீங்க!"

லங்காவி போய்ச் சேர்ந்ததும் சுழல்தண்டின் அடைப்பைப் புதிதாக மாற்றினேன். பிறகு காகிதத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். போகலாம் என்பதற்கு: படகு உறுதியானது, வானிலை சாதகம், எனக்கு எல்லா வேலையும் தெரியும், கரையே தெரியாத கடலைப் பார்க்க ஆசை. வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி எதிரே உட்கார்ந்து மேகி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு விஷயம்," என்றேன். "துறைமுகப் பேப்பர்ல நக்கோடா நான்." படகின் தலைவருக்கு மலாயில் அதுதான் பெயர். "அப்புறம், அத மாமாகிட்ட நீங்களே சொல்லணும். முடியாதுன்னா நான் நாளைக்கு ஃபெர்ரில கோலா பெர்லிஸ் கரைக்குப் போறேன். நீங்க தனியாப் போங்க."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. பத்து நாள், இரண்டு பேர், ஒரு பம்ப். அவரிடமிருந்து வந்த முதல் கேள்வி இது:

"மாமாகிட்ட என்னன்னு சொல்றது?"

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் அதிகாரி படிவத்தை நேராக அவர் பக்கம் தள்ளினார். "நக்கோடா?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாடையால் என்னைக் காட்டினார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரிக்காமல் படிவத்தைத் திருப்பி வைத்தார். நான் எழுதினேன். பணியாளர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன்.

வெளியே வந்ததும், "பேப்பர்ல மட்டும்தானம்மா?" என்றார்.

"பத்து நாளும். போன் எடுங்க."

ஒரு மரத்தடியில் நின்று அழைத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"என்னடா கேப்டன்! கெளம்பியாச்சா?"

"கெளம்பப் போறோம் மாமா. வந்து… கேப்டன் நான் இல்ல. அவதான்."

"அப்ப நீ யாருடா, குக்கா?" மறுமுனையில் மாமாவோடு இன்னும் யார் யாரோ சிரித்தார்கள். "ஏன்டா, என்ன ஆச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவர் வாயைத் திறந்து பம்பைப் பார்க்காமலே டிக் போட்டதைச் சொல்லி முடிக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.