கிங்ஸ்பரியில் காஸ் இல்லாத பொங்கல்

கிங்ஸ்பரி சண்முகராசாவுக்கு எதையாவது புதிதாக வீட்டுக்குள் கொண்டுவராவிட்டால் தூக்கம் வராது. ஒருமுறை தானாக ஓடித் தூசி உறிஞ்சும் இயந்திரம் வந்து, சாமிப்படத்துக்கு முன்னால் கிடந்த பூவையெல்லாம் தின்று தீர்த்தது. போன ஒக்டோபரில் வந்தது, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டைச் சூடாக்கும் மின்சார ஹீற் பம்ப். பெற்றோல் ஷெட்டில் நாள் முழுக்க எரிபொருள் விற்கிற மனிதர், தன் வீட்டில் இனிக் காஸே எரியக்கூடாது என்று அதுவரை வீட்டைச் சூடாக்கிய காஸ் பொயிலரைக் கழற்றி, காஸ் மீற்றரையும் எடுப்பித்துவிட்டார். மீற்றர் சும்மா இருந்தாலும் தினக்கட்டணம் உண்டே என்பது அவருடைய நியாயம்.

மனைவி தவமலருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. பழைய வீடு, யன்னல் இடுக்கெல்லாம் காற்று. காஸை விட மின்சாரம் விலை. போதாததற்கு, கனடாவிலுள்ள தங்கையைப் பார்க்கப் போக அவள் சேர்த்த காசும் புது றேடியேற்றர்களுக்குப் போய்விட்டது.

“பொங்கலுக்கு வாற சனம் என்ர வீட்டில கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தா, அடுத்த கிழமை பொயிலர் திரும்பி வரும். சொல்லிப்போட்டன்.”

“ஒருத்தரும் போடமாட்டினம்,” என்றார் சண்முகராசா. வாய்தான் சொன்னது. கை யன்னல் இடுக்கைத் தடவிப் பார்த்தது.

பொங்கலன்று வெளியே உறைபனி. உள்ளே இதமான சூடு. முதலில் வந்த பாலேந்திரா கோட்டைக் கழற்றினார். அவர் மனைவி சுவர்ணா ஸ்வெற்றரையும் கழற்றினாள். சண்முகராசாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தவமலர், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அலுமாரியை விட்டு இறங்கும் பித்தளைப் பானையைப் புது மின்னடுப்பில் வைத்தாள். அடுப்பு கீச்சிட்டுவிட்டுச் சும்மா இருந்தது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது கண்ணெடுத்தும் பார்க்காது.

“பித்தளையை ஏற்காதாம்,” என்றாள் தவமலர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

காஸை ஒழித்த பெருமான் பக்கத்து வீட்டு லெஸ்லியிடம் ஓடி, கூடாரம் அடிக்கப் போகும்போது கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பை இரவல் வாங்கினார். லெஸ்லி விழுந்து விழுந்து சிரித்தான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தோட்டத்தில் சூரியனைப் பார்த்தபடி கல் பதித்த இடம் ஒன்றுதான் உண்டு, மிச்சமெல்லாம் சேறு. அங்கே கோலம் போட்டுப் பானை வைத்தாயிற்று. பின்னால் சுவரோடு ஹீற் பம்ப். வீட்டுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு அது வெளியே தள்ளுவது குளிர்காற்று. சண்முகராசா அடுப்பைப் பற்றவைத்தார், பம்ப் ஊதி அணைத்தது. திரும்பவும் பற்றவைத்தார். பிறந்தநாள் கேக்கைக் கண்ட பிள்ளைபோல் திரும்பவும் ஊதியது.

“அண்ணை, பம்பைக் கொஞ்சம் நூத்துப்போட்டுப் பொங்குங்கோவன்,” என்றார் பாலேந்திரா.

“நூத்தா வீடு குளிர்ந்திடும். பிறகு கெதியில சூடேறாது.”

பால் பொங்காவிட்டால் தை பிறந்த அன்றே அபசகுனம். பம்பை நிறுத்தினாலோ கோட்டுகள் திரும்ப ஏறும், பின்னாலேயே பொயிலரும் வரும். சுவிச்சில் கையை வைத்தபடி நின்றவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

தவமலர் உள்ளே போனாள். கழற்றி மாட்டியிருந்த கோட்டுகளில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பம்புக்கும் பானைக்கும் நடுவில் நின்று, கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். குளிர்காற்று முழுவதும் அவளுடைய முதுகில் அடித்தது.

“சுவிச்சில கை வையாதேங்கோ. அடுப்பைப் பத்தவையுங்கோ.”

நெருப்பு நின்றது. பால் நுரைத்து ஏறி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லாரும் “பொங்கலோ பொங்கல்” என்று கத்த, வேலிக்கு மேலால் லெஸ்லியும் தனக்கு வந்தபடி கத்தினான். சண்முகராசா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்தது.

“தவம், குளிருதே?”

பல் கிடுகிடுக்க அவள் வந்தவர்களைப் பார்த்தாள். “ஏன் எல்லாரும் இந்தக் குளிருக்க நிக்கிறியள்? உள்ளுக்குப் போங்கோ. வீடு நல்ல சூடாக் கிடக்கு.”

சண்முகராசாவுக்கு அதை இன்னொருமுறை கேட்க ஆசையாக இருந்தது. காது கேளாதவர்போல், “என்ன சொன்னனீர்?” என்றார்.

“அரிசியைப் போடுங்கோ,” என்றாள் தவமலர்.