என் கணவரின் கொழும்புப் புடவைக்கடை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் கணவரை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி ஒரு கோப்பிக்கடை இருக்கிறது. அங்கே அவருக்காக இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஒருவர் நகரத்து பஸ் ஓட்டுகிறவர். மற்றவர் பிக்கரிங்கில் பெரிய வீடு வாங்கி, அந்த வீட்டுக்காகவே இரண்டு வேலை செய்கிறவர். மூன்று பேரும் ஒரே ஊர்ப்பக்கம். சண்டைக் காலத்தில் மூன்று பேரும் இயக்கத்தில் ஒரே அணியில் இருந்தவர்கள். ரொறன்ரோவில் இந்த விஷயம் எனக்கும் மற்ற இரண்டு மனைவிமாருக்கும்தான் தெரியும்.

ஒன்றாகச் சண்டைக்குப் போனவர்கள் கூடினால் சண்டையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்டேன். விண்டர் டயரை எப்போது கழற்றுவது, கொலஸ்ட்ரோல் குளிசையைக் காலையில் போடுவதா இரவில் போடுவதா, பின்வளவுப் புல்லை அணில் கிளறிப்போடுகிறது. இவ்வளவுதான். கடவுளே, இதற்கா மனிசன் சாப்பிடாமல் கொள்ளாமல் ஓடி வருகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் கவனித்தேன். மூன்று பேரில் ஒருவர்கூடக் கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கவில்லை. சுவரோரமாக, பள்ளிக்கூடத்து வாங்குப்பலகையில் இருப்பதுபோல, வரிசையாக இருந்து கோப்பி குடித்தார்கள். அதன் பிறகு அவர்களை ஏச எனக்கு மனம் வரவில்லை. ஏசினேன்தான், ஆனால் மனமில்லாமல் ஏசினேன்.

எங்களுக்குக் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார், அதற்கு முன்னர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றவர் என்றார்கள். அகதியாக வந்து இறங்கியபோது அதிகாரிகளிடமும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். கலியாணம் முடிந்த கையோடு என் விரல் அவருடைய தொடையில் பட்டது. தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஏதோ உருண்டது. இதென்ன என்று கேட்டேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, “பீஸ்” என்றார். செல் வெடித்துச் சிதறுகிற இரும்புத் துண்டை எங்கள் பக்கத்தில் பீஸ் என்றுதான் சொல்வார்கள். புடவைக்கடையில் நின்றவருக்கு எப்படிச் செல் பீஸ் வந்தது என்று கேட்கத் தெரியாதவளா நான்?

“மிச்சத்தைக் கேக்காதையும்” என்றார். நானும் கேட்கவில்லை. பெருந்தன்மையால் அல்ல. அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் வளர வளர அந்தப் புடவைக்கடையும் வளர்ந்தது. முதலில் அது வெறும் கடை. பிறகு கடைக்கு ஒரு முதலாளி வந்தார். முதலாளிக்கு ஒரு கோபக்காரப் பெண்சாதி வந்தாள். கடைக்குள் ஒரு மரப்படி வந்தது. அந்தப் படியால் விழுந்துதான் தொடையில் தழும்பு என்றார். இடது புருவத்துக்கு மேலே இருந்த சின்ன வீக்கம் கிரிக்கெட் பந்து பட்டதாம். ஆள் இப்படிக் கதை கட்டுவார் என்று எனக்கே தெரியாது, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். ஒரு சேலை மடிக்கத் தெரியாது அவருக்கு! என் கூறைச்சேலையை ஒருதரம் மடித்துத் தந்தார். அவர் கட்டிக் கழற்றிய சாரத்தைச் சுருட்டி வைத்ததுபோல இருந்தது.

“அப்பா, நோ வொண்டர் தே ஃபயர்ட் யூ” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தபடி சேலையைப் பிரித்துத் திரும்ப மடித்தேன்.

குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடம் ஆனபிறகு ஒருநாள் கேட்டேன்.

“இனி ஆருக்குப் பயம்? இயக்கமெண்டு திருப்பி அனுப்பவே போறாங்கள்? பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்.”

“கனடாவுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. பிள்ளைக்குத் தெரியக்கூடாது.”

“ஏன்?”

“அவள் என்னைப் பாக்கிற பார்வை மாறீடும்” என்றார்.

அந்த இயக்கத்தைப் பற்றி எங்கள் சனத்துக்குள்ளேயே ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. கோயிலில் ஒன்றாக நின்று சாப்பிடுகிறவர்கள் அந்தப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நியாயமெல்லாம் எனக்கு வேண்டாம். என் வீட்டில் ஒரு மனிதர் தன் பிள்ளைக்கு முன்னால் சட்டையைக் கழற்றாமல், கோடையில்கூடக் கழுத்துவரை பட்டன் பூட்டிக்கொண்டு திரிந்தார். எனக்குத் தெரிந்த கவலை அதுதான்.

போன வருடம் அவருக்குத் தலைச்சுற்று வந்தது. படியில் நின்றபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். டொக்டர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் நாளும் தந்தார்கள். இவர் அதைக் கோப்பிக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானமே, மகள் வெளியில் போயிருந்த நேரம், இரண்டு சிநேகிதர்களும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“தங்கச்சி, உவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்” என்று பஸ் ஓட்டுகிறவர் தொடங்கினார். “அது பெரிய காந்தம். போன முறை எனக்கு முழங்கால் படம் எடுக்கப் போனனான். உடம்பில பீஸ் இருக்கெண்டவுடன திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். இரும்பு கண்ணுக்குக் கிட்ட இருந்தால் அந்த மிசினுக்குள்ள அசையுமாம். கண் போயிடும்.”

நான் என் கணவருடைய புருவத்தைப் பார்த்தேன். அவர் மேசை விரிப்பைப் பார்த்தார்.

பிக்கரிங்காரர் அந்த நாளில் அணியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். “ஆஸ்பத்திரியில கேப்பாங்கள். எங்க எங்க இருக்கெண்டு ஒழுங்காச் சொல்லவேணும்” என்று தொடங்கினார். தொடையில் இரண்டு என்றார். பஸ் ஓட்டுகிறவர் ஒன்று என்றார். “மிச்சத்தை நான்தான் எடுத்தனான், எனக்குத் தெரியாதோ?” என்றார் பிக்கரிங்காரர். “நீ எங்க எடுத்தனி? நீ மயங்கி விழுந்தனி, பிறகு உன்னையும்தான் நான் தூக்கினனான்” என்றார் பஸ் ஓட்டுகிறவர். கலியாணவீட்டில் பெண்கள் சேலைக்குச் சண்டை பிடிப்பதுபோல இரண்டு பேரும் என் கணவரின் உடம்புக்காக அடிபட்டார்கள். இத்தனை வருடமாக டயரையும் அணிலையும் பேசிய வாய்களா இவை? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே சிரித்தேன்.

“காதுக்குப் பின்னால ஒண்டு இருக்கு” என்றார் பிக்கரிங்காரர். “அது நல்லா நினைவிருக்கு. என்ர விரலால தொட்டுப் பாத்தனான்.”

என் கணவர் காதுக்குப் பின்னால் தடவினார். “இல்லையடா” என்றார். பிறகு மெதுவாக, “அது எனக்கில்லை. அது அவனுக்கு” என்றார்.

எவனுக்கு என்று யாரும் கேட்கவில்லை. பஸ் ஓட்டுகிறவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிக்கரிங்காரர் தன் விரலைப் பார்த்தார். “ஓமடா, அது அவனுக்கு” என்றார். அவருடைய கண்ணாடி பனித்துப் போனது. அவர்கள் நாலு பேராக இருந்தவர்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். முகம் தெரியாத ஒரு பெடியன், காதுக்குப் பின்னால் இரும்போடு போனவன். அவனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாளே என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

அவர்கள் போனபிறகு நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆஸ்பத்திரியில சொல்லுவியளோ மாட்டியளோ?”

“சொல்லுறன். ஆனா பிள்ளையை வரவேண்டாமெண்டு சொல்லும்.”

சொன்னேன். அவள் கேட்டால்தானே! “அம்மா, உங்கட இங்கிலிஷை வைச்சுக்கொண்டு நீங்கள் அங்க என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டாள். வேலைக்கு லீவு போட்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழி முழுக்க, “அப்பா, உள்ளுக்குச் சத்தமா இருக்கும், ஜஸ்ட் குளோஸ் யுவர் ஐஸ்” என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் “ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை” என்றார். பின்னால் இருந்த நான் அவருடைய பிடரியில் விரலால் குத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அந்த நீல அங்கியைக் கொடுத்து ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில். மிசினை இயக்குகிற பெண் வந்தாள். சிரித்த முகம், வேகமான பேச்சு. அவள் கேட்கக் கேட்க மகளே பதில் சொன்னாள். இருதயத்தில் ஏதும் பொருத்தியிருக்கிறதா? நோ. ஒப்பரேஷன் ஏதும்? நோ. உடம்பில் எங்காவது உலோகம், குண்டுச் சன்னம், செல் துண்டு?

மகள் சிரித்தாள். “நோ, நோ. ஹி வொர்க்ட் இன் அ சாரி ஷொப்.”

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, எழும்பி வரும்படி அவருக்குக் கையைக் காட்டினாள். இவர் எழும்பினார். என் பிள்ளையாரே, மனிசன் எழும்பிவிட்டார்! கதவு திறந்திருந்தது. உள்ளே அந்த வெள்ளை மிசின் தெரிந்தது. போகத்தான் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது, கண் போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்த முகம் அது. கத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“இல்லைப் பிள்ளை” என்றார். “இருக்கு எண்டு சொல்லு.”

“வாட்?”

“இரும்பு இருக்கு. புருவத்துக்கு மேல, தோளில, காலில. செல் பீஸ்.”

“அப்பா, ஜோக் அடிக்காதேங்கோ.”

“கொழும்பில கடையொண்டும் இல்லைப் பிள்ளை. நான் இயக்கத்தில இருந்தனான். சண்டையில காயப்பட்டனான்.”

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பிறகு என் பிள்ளை, நிமிர்ந்து நின்று, அப்பா சொன்னதை ஒவ்வொன்றாக இங்கிலிஷில் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இன்றைக்கு இது முடியாது, முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும், இரும்பு கண்ணுக்குக் கிட்ட இருந்தால் பிறகு வேறு விதமாகத்தான் படம் எடுக்கலாம் என்றாள். சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னாள். டொக்டரைக் கூப்பிடப் போனாள்.

அறையில் நாங்கள் மூன்று பேரும்தான். அவர் கதிரையில் இருந்தார். மகள் அவருக்கு முன்னால் நின்றாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள், சத்தம் போடுவாள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“நான்தானே நோ எண்டு சொன்னனான்” என்றாள். “நீங்கள் பேசாம உள்ளுக்குப் போயிருந்தா? அப்பா, நான்தானே சொன்னனான்!”

“அதாலதான் பிள்ளை” என்றார் அவர். “நீ அதைச் சொல்லாட்டி நான் பேசாமப் போய்ப் படுத்திருப்பன். போற கண் போகட்டும். ஆனா நீ சொல்லிப்போட்டாய். பிறகு உன்ர வாயால போன கண்ணெண்டு நீ காலம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிவாய். அதை உனக்குத் தர எனக்கு ஏலாது.”

மகளுக்குக் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. அவரைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

“எந்தத் தோளில அப்பா?”

“இடது.”

அவள் கதிரையைச் சுற்றி மற்றப் பக்கம் போய், அவருடைய வலது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.